திரும்பி வருவதும் தவக்குல்தான்

"விதி இருந்தால் படுக்கையிலும் மவுத்து வரும், விதி இல்லாவிட்டால் மலையுச்சியிலிருந்து உருண்டாலும் உயிர் போகாது." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பேச்சில் பிழை இல்லை. ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹு தஆலாவின் கையில் உள்ளவை என்பது நம் ஈமான். ஆனால் இதை எந்த இடத்தில் எடுத்துப் பேசுகிறோம் என்பதில்தான் பிழை நேருகிறது. வைத்தியர் விதித்த பத்தியத்தை மீறவும், வேண்டாம் என்று மக்கள் தடுத்த பயணத்தைத் தொடங்கவும் இந்தப் பேச்சையே கேடயமாகப் பிடிக்கிறோம். பெரும் மலைகளில் ஏறுவோரின் வரலாற்றைக் கொண்டு இதைச் சற்று சிந்திப்போம். வீட்டில் மங்கலாகத் தெரிவது அங்கே பளிச்சென்று தெரியும்.

பாகிஸ்தானின் வடக்கே, ஸ்கர்து நகரை அடுத்து ஸத்பாரா என்றொரு முஸ்லிம் கிராமம் இருக்கிறது. மலையேற வரும் வெளிநாட்டாருக்குச் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள் அவ்வூரில் பலர். அப்படிச் சுமை தூக்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர் முஹம்மது அலீ ஸத்பாரா. நங்கா பர்பத் சிகரத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக எட்டிய மூவரில் அவரும் ஒருவர். அது 2016 பிப்ரவரியில். 2021 பிப்ரவரி 5ஆம் நாள், 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2 மலையில், தம் மகன் சாஜிதுடனும் வெளிநாட்டுத் தோழர் இருவருடனும் அவர் ஏறிக்கொண்டிருந்தார். 'பாட்டில்நெக்' எனப்படும் குறுகிய பனி இடுக்கில், 8,000 மீட்டருக்கும் மேலே, மகனின் பிராணவாயுக் கருவி பழுதானது. இறங்கிவிடு என்றார் தந்தை. மகன் கீழ்ப்படிந்தார். மூன்றாவது முகாமுக்கு இறங்கி வந்து காத்திருந்தார். மேலே சென்ற மூவரும் திரும்பவே இல்லை. ஜூலை மாதத்தில்தான் அவர்களுடைய ஜனாஸாக்கள் கண்டெடுக்கப்பட்டன. சாஜித் மீண்டும் ஏறிச் சென்று, நான்காவது முகாமருகே தம் வாப்பாவைப் பனியில் அடக்கம் செய்து துஆ ஓதினார்.

மறைந்தவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. அல்லாஹ் அன்னாருக்கு மஃபிரத் செய்வானாக. நாம் பார்க்க வேண்டியது அந்த மகனை. பழுதான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, 'அல்லாஹ் காப்பாற்றுவான்' என்று மேலேயே நடந்திருந்தால் அதைத் தவக்குல் என்று சொல்வோமா? அல்லாஹ் காப்பாற்ற நாடியதற்கு அந்தப் பழுதே ஸபபாக அமைந்தது என்று ஏன் நினைக்கக் கூடாது?

எட்டாயிரம் மீட்டருக்கு மேலே கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் நாம் சுவாசிப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முதலில் மந்தமாவது மூளை. எந்த இடத்தில் மிகத் தெளிவாக முடிவெடுக்க வேண்டுமோ, அந்த இடத்தில் மனிதன் மிகக் குறைந்த அறிவோடு நிற்கிறான். போதாக்குறைக்கு, சிகரம் கண்ணுக்கெதிரே நிற்கும். செலவழித்த பணமும் பட்ட பாடும் பிடரியைப் பிடித்துத் தள்ளும். ஆகவே அனுபவசாலிகள் திரும்பும் நேரத்தைக் கீழேயே, புத்தி தெளிவாக இருக்கும்போதே குறித்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் வந்தால், உச்சி பத்து அடியில் இருந்தாலும் திரும்ப வேண்டும்.

1996 மே மாதம் எவரெஸ்டில் ஸ்வீடன் நாட்டவரான யோரான் கிரோப் அப்படித்தான் செய்தார். தம் நாட்டிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்தவர் அவர். பிராணவாயுக் குப்பி இல்லாமல் ஏறி, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது, நேரமாகிவிட்டதென்று திரும்பினார். அதே மாதம் 10ஆம் நாள் ராப் ஹால் என்ற கைதேர்ந்த வழிகாட்டி ஒரு குழுவை அழைத்துச் சென்றார். பிற்பகல் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி வைத்தவரும் அவரே. அக்குழுவில் இருந்த ஓர் அஞ்சல் ஊழியரை முந்திய ஆண்டு உச்சிக்கு அருகிலிருந்து அவர் திருப்பி அழைத்து வந்திருந்தார். இரண்டாம் முறையும் ஏமாற்ற மனம் வரவில்லை போலும்! இருவரும் உச்சியில் நின்றபோது மணி நான்கை நெருங்கிவிட்டது. அதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. இருவரும் திரும்பவில்லை. மலையின் இரு பக்கங்களிலுமாக அந்தப் புயலில் எட்டுப் பேர் மாண்டனர். கிரோப் 23ஆம் நாள் மறுபடியும் ஏறி உச்சியை அடைந்து சுகமாக இறங்கினார்.

மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா? உண்டு. ஹிஜ்ரி 18இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து பிளந்தது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் பிளந்தது. மூன்றாவதாகக் குறைஷி முதியவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். விடிந்ததும் திரும்புவதாக கலீஃபா அறிவித்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். நம் வீட்டுப் பேச்சும் இந்தக் கேள்விதானே! ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதிலின் கருத்து. பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் விதிப்படியே என்று உவமையும் கூறினார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர் என்ற நபிமொழியை எடுத்துரைத்தபோது, கலீஃபா அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

குளிர் உயிரைக் குடிக்கும் என்பதும் ஸஹாபாக்கள் அறிந்ததே. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையானது. குளித்தால் உயிர் போகும் என்றஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற கருத்துள்ள திருவசனத்தை (4:29) எடுத்துக் காட்டினார்கள். நாயகம் (ஸல்) சிரித்தார்கள். மறுத்து எதுவும் கூறவில்லை.

நம்மவரில் கே-2 ஏறப் போகிறவர் எவருமில்லை. ஆனால் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறோம். மூட்டுவலியும் நெஞ்சுவலியும் உள்ள பெரியவர்கள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹிரா குகையைப் பார்க்காமல் போவதா?" என்று ஜபலுந் நூர் மலையில் நடுப்பகலில் ஏறுகிறார்கள். அம்மலையில் ஏறுவது ஹஜ்ஜின் ஃபர்ளும் அல்ல, வாஜிபும் அல்ல, ஸுன்னத்தும் அல்ல. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் உயிரிழந்ததாக சவூதி அரசே அறிவித்தது. அனுமதியின்றி வந்து, நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு' என்ற அந்த எண்ணம்தான் எவரெஸ்டிலும் ஆளைக் கொன்றது. வாப்பா எந்தப் படி வரை ஏறலாம், உம்மாவுக்கு மூச்சிரைத்தால் யார் கூட்டிக்கொண்டு இறங்குவது என்பதையெல்லாம் ஊரிலேயே, வீட்டில் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அங்கே போய், உணர்ச்சிப் பெருக்கில் பேச முடியாது.

முன்கூட்டியே நிபந்தனை வைப்பது நிய்யத்தைப் பலவீனப்படுத்துமோ என்று சிலர் தயங்கக்கூடும். நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தை ஸுபைர் அவர்களின் மகளார் ளுபாஆ (ரலி) அவர்கள், ஹஜ்ஜுக்கு நாடியிருக்கிறேன், ஆனால் உடல்நலமில்லையே என்று முறையிட்டார்கள். புறப்படுங்கள், இறைவா, நீ என்னைத் தடுக்கும் இடமே நான் இஹ்ராமை விடும் இடம் என்று நிபந்தனை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த நிபந்தனை செல்லும். ஹனஃபி மத்ஹபினர் தம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. ளுபாஆ (ரலி) அன்னார் அவ்வாறே நிபந்தனையோடு இஹ்ராம் கட்டிப் புறப்பட்டு, ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள்.