அரண்மனைச் சுவரில் யார் முகம்?

மன்னர் வாழ்ந்த மாளிகை, மன்னர் வாழ்வதை விட்டபின் என்னவாக வேண்டும் என்னும் வினாவுக்கு உலகம் பலவாறு விடை கண்டுள்ளது. சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாயின. சில அரசாங்க அலுவலகங்களாயின. சில வௌவால்களின் உறைவிடமாயின. நம் பகாங் மாநிலத்துப் பெக்கான் நகரில், 1929-இல் பிரிட்டிஷ் அதிகாரியின் இல்லமாக எழுந்து, பின்னர் சுல்தானின் அரண்மனையாகிய கட்டடம், 1976-இல் சுல்தான் அபு பாக்கார் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களுள் ஓவியக் கூடமாக மாறுவதே மிகவும் பெருமைக்குரியது என்று பலர் கருதுவர். அவ்வாறே கொள்வோம். ஆயினும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் எளிய மனிதன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இச்சுவர்களில் பெயரோடு தொங்கும் முகங்கள் யாருடையவை? பெயரின்றித் தொங்கும் முகங்கள் யாருடையவை? கலை பற்றிய வினாவைப் போலத் தோன்றும் இது, உண்மையில் அறம் பற்றிய வினாவாகும்.

மைசூரிலுள்ள ஜகன்மோகன் அரண்மனையை எடுத்துக் கொள்வோம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1861-இல் கட்டப்பட்டது அது. 1897-இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபோது அரச குடும்பத்திற்கு இதுவே இருப்பிடமாயிற்று. 1902-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் முடிசூட்டு விழா, வைசிராய் கர்சன் முன்னிலையில், இம்மண்டபத்திலேயே நடந்தேறியது. 1915-இல் ஓவியக் கூடமாகி, இப்போது ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர ஓவியக் கூடம் என்னும் பெயரோடு விளங்குகிறது. இங்கே மனித உருவமே முதன்மை பெறுகிறது. உடையார் குலத்து உருவப் படங்கள் ஒருபுறம். ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள் மற்றொருபுறம்.

ரவி வர்மா 1889-இல் தீட்டிய இசைக்கலைஞர் ஓவியம் இங்குதான் உள்ளது. பதினொரு பெண்கள், பல பகுதிகளின் உடை, பல வகை அணிகலன். ஒவ்வொருத்தியின் கண்ணிலும் தனித்தனியே ஒரு சோர்வு, ஒரு நினைவு. எந்தப் பகுதிப் பெண் என்பதைப் புடவைக் கட்டு சொல்லிவிடும். எவள் என்பதைச் சொல்ல எதுவுமில்லை. அதே கூரையின்கீழ் மன்னர் படத்திற்குப் பெயர், பட்டம், ஆட்சிக் காலம் யாவும் உண்டு.

இதற்கொரு மறுப்பு எழும். கலைக்குப் பெயர் எதற்கு? பெயரற்ற பெண் பெண்குலம் முழுமைக்கும் நிற்கிறாள். பெயரிட்டால் அவள் ஒருத்தியாகச் சுருங்கிவிடுவாள் என்பர். கேட்பதற்கு இனிமையான வாதம்தான். ஆனால் 'ஒரு மன்னர்' என்று மட்டும் தலைப்பிட்டு எந்த அரண்மனையாவது தன் தலைவரின் படத்தை மாட்ட இசையுமா? மன்னர்குலம் முழுமைக்கும் அவர் நிற்கட்டுமே! பொதுமையைத் தாங்கும் சுமை எப்போதும் ஏழையின் தலையிலேயே ஏற்றப்படுகிறது.

ரவி வர்மாவைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அரண்மனைகளுக்குள் அடைபட்டிருந்த ஓவியத்தை வெளியே கொணர்ந்தவர் அவர். 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து இலக்குமியும் கலைமகளும் சில காசுகளுக்குக் குடிசைகளைத் தேடிச் சென்றனர். அந்த மரபில் வந்த நாட்காட்டிப் படங்களே நம் தோட்டத்து லயங்களில், சுவரில் அடித்த ஆணியில், ஊதுவத்திப் புகை படிந்து தொங்கின. அரண்மனையின் முகங்கள் லயத்திற்கு இறங்கி வந்தன. லயத்தின் முகங்கள் அரண்மனைக்கு ஏறிச் சென்றனவா?

கியா பார்மில் நின்று இவ்வினாவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிரிஞ்சாங்கைக் கடந்து மேலேறினால் காய்கறிச் சந்தையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களும். அருகே பிரியும் பாதையில் சென்றால் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள். 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களுள் ஒன்று அது. கேமரன் மலையில் காட்டை அழித்துத் தேயிலையை நட்டு வளர்த்தவர்களுள் தமிழர் எண்ணற்றோர். துரையின் பங்களாவே தோட்டத்தின் அரண்மனை. கூடை சுமந்து குனிந்த பெண்ணின் உருவமோ, தேயிலை என்ற சொல்லோடு ஒட்டிப் பிறந்ததுபோல், விளம்பரங்களிலும் அஞ்சல் அட்டைகளிலும் உலகம் முழுவதும் பரவிவிட்டது. நெற்றிப் பொட்டு முதல் கூடையின் கயிறுவரை யாவும் தெரியும். பெயர் தெரியாது. பெயரற்ற அந்த உருவத்தை வைத்துத் தேயிலை விற்றது.

அப்படியானால் நம் முன்னோரின் முகத்தைப் பெயரோடு பதிவு செய்தவர் ஒருவருமே இல்லையா? இருந்தனர். 1948-இல் அவசரகாலச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, மலாயா மக்களுக்குப் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற் படமாக இருந்திருக்கும். மன்னனின் முகத்தை ஓவியன் தீட்டியது அவனைப் போற்றுவதற்கு. நம் பாட்டியின் முகத்தை அரசாங்கம் எடுத்தது அவளைக் கண்காணிப்பதற்கு. இன்று பல வீடுகளில் மாலையிட்டுத் தொங்கும் பெரிய படம், அந்தச் சிறு அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதே. திகைத்த அக்கண்கள் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவை அல்ல. எழுத்தரின் அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பவை.

தமிழ் மரபு இவ்விடத்தில் நம்மை வெட்கப்பட வைக்கிறது. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல் அது. அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனருகே ஒரு நாயின் உருவம். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்றூர் ஒன்று தன் நாயின் பெயரையும் எழுதிவைத்தது! அரண்மனை கட்டத் தெரியாத ஊர் அது. உருவத்திற்குச் செய்ய வேண்டிய கடமை எதுவென்று அதற்குத் தெரிந்திருந்தது.

பெயர் தெரிந்தால் ஓவியம் சுருங்கிவிடும் என்பதற்கும் மைசூரே மறுமொழி தருகிறது. அங்கே மிகுதியான கூட்டத்தை ஈர்ப்பது கையில் விளக்கேந்திய பெண்ணின் நீர்வண்ண ஓவியம். விரலிடுக்கில் கசியும் ஒளி மெய்யான சுடரோ என மயங்க வைக்கும். எஸ்.எல். ஹல்தன்கர் தீட்டிய அதனை ரவி வர்மாவின் படைப்பென்றே பலர் இன்னும் நம்புகின்றனர். பெரிய பெயரின் நிழலில் ஓவியரும் பெயரிழப்பதுண்டு போலும். விளக்கேந்தி நின்றவர் ஓவியரின் மகள் கீதா. 2018-இல், 102 வயதில் அவர் காலமானபோது நாளேடுகள் அதனை எழுதின. அதைப் படித்தபின் அச்சுடரின் ஒளி ஒரு துளியும் குறையவில்லை. மாறாக, தந்தைக்காகக் கை கடுக்க நின்ற ஒரு பெண் அங்கே கூடுதலாகத் தெரிகிறாள்.

பார்சிலோனா நகரில் பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் ஒருவரின் கோமிஸ் மாளிகை, 2011-இல் நம் காலத்து உருவ ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்குமான அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. மனித உருவத்தைப் பழையதென்று கலையுலகின் பெரும்பகுதி ஒதுக்கிவிட்ட காலத்தில், வாழும் ஓவியர்களின் உருவப் படைப்புகளுக்கு அது இடம் தந்தது. இத்தகைய ஓவியத்தில் நான் பெரிதாக மதிப்பது ஒன்றே. நேரில் இருத்தி வரைவதானால் எதிரில் மணிக்கணக்கில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். இருவரும் பேசாமலிருக்க முடியாது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், முதுகு வலிக்கிறதா என்ற பேச்சு வந்தே தீரும். கைப்பேசியால் படமெடுப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இங்குதான் கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. கியா பார்மைச் சுற்றிய சரிவுகளில் இன்று கொழுந்து வெட்டுவோருள் நம்மவர் குறைவு. கத்தரியும் இயந்திரமும் வந்தபின் கூடைக்காரியின் காட்சியும் அருகிவிட்டது. வங்காளதேசத்தினரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் அப்பணியைச் செய்கின்றனர். பட்டணங்களில் குடியேறிய நம் பிள்ளைகள் விடுமுறையில் காரில் வந்து, சாலையோரம் நிறுத்தி, சரிவில் நிற்கும் மனிதனைப் பின்னணியாக்கிப் படமெடுத்துச் செல்கின்றனர். பாட்டியைப் படமெடுத்த அந்நியனை நொந்துகொண்டவர்கள் நாம்.

நாளை நம் ஓவியர் ஒருவர் அச்சரிவில் சட்டம் நிறுத்தி, அத்தொழிலாளி ஒருவரை வரையக்கூடும். அப்படம் ஏதேனும் ஓர் அரண்மனைச் சுவரை எட்டவும் கூடும். அதன்கீழ் 'தேயிலைத் தொழிலாளி' என்று எழுதிவிடாமல் அவர் பெயரை எழுத முனைந்தால், அது நமக்குப் பழகாத பெயராக இருக்கும். பிழையின்றி எழுத வேண்டுமானால், அவரையே இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.