பாற்குடமும் கன்றின் பங்கும்

கொடியேற்றம் முதல் தேர்த் திருவிழா நிறைவுறும் வரை நமது லயன்களில் கவிச்சி சேர்ப்பதில்லை. மீன், இறைச்சி, முட்டை நீங்கிய உணவையே சைவம் என்கிறோம். பாலும் நெய்யும் அதில் அடங்கும். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரது நண்பர்களும் தொடங்கிய வீகன் சங்கமோ பாலையும் விலக்கியது. கொல்லாதிருந்தால் மட்டும் போதாது, விலங்கை நமது தேவைக்குக் கருவியாக்குவதும் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

கொள்கை புதிதாயினும் அது எழுப்பும் கேள்வி நமது மாட்டுப்பட்டி வாசலிலேயே நிற்கின்றது. பசு பால் தர வேண்டுமாயின் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகள். காளைக் கன்றும் பால் வற்றிய பசுவும் வியாபாரியின் லொறியில் ஏறினால் எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. அந்தப் பசுவின் பாலையே அம்பாளுக்கு அபிஷேகம் செய்கின்றோம். நாம் உண்ணாத இறைச்சியில் நமக்குப் பங்கில்லை என்று கூற முடியுமா?

விவசாயமும் இவ்வாறே. கரட்டும் கோவாவும் மரக்கறிதான். பாத்திக்கு இடுவதோ மாட்டெரு, சில இடங்களில் எலும்புத்தூள். அவற்றைத் தவிர்ப்போர் தழையுரத்தால் பயிரிடுகின்றனர். முள்முருங்கைக் கொப்புகளை வெட்டித் தேயிலை அடியில் இடுவது நாம் அறிந்த வேலையே. ஆயினும் அங்கும் புழுவுக்கு மருந்தடித்தால் உயிர் போகத்தான் செய்யும். ஓர் உயிருக்கும் ஊறு செய்யாத சோறு எவர் இலையிலும் இல்லை.

அதற்காக எல்லாம் ஒன்றே எனக் கைவிடலாகாது. தவிர்க்க முடியாதது வேறு, தவிர்க்கக் கூடியது வேறு. கொழுந்துச் சம்பளம் போதாத வீட்டில் பிள்ளையின் படிப்பைப் பசுவே தாங்குகின்றது. அவர்களைப் பார்த்துப் பாலை விடு என்பது எளிது, மாற்று வழி காட்டுவதே கடினம். பாலையும் அறவே விடுவோர், தாவர உணவில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தை மாத்திரையாகவேனும் பெற வேண்டும்.

1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிய வள்ளலார் ஜீவகாருண்யத்தையே வழிபாடாகக் கொண்டார். இரக்கம் இல்லாவிடில் சைவம் வெறும் உணவுப் பட்டியல் ஆகிவிடும்.

அன்பான அடியார்களே! பாற்குடம் எடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். கன்று வயிறாரக் குடித்தபின் கறந்த பாலா இது? வற்றிய பின்னும் அந்தப் பசு பட்டியில் இருக்குமா? ஆம் எனச் சொல்ல இயலாவிடில் இளநீர் கொண்டு வருவோம். சிங்களத்தில் பொல் என்றால் தேங்காய். நமது ஊரின் பெயரிலேயே அது இருக்கின்றது. அம்பாள் அதனையும் மனமுவந்து ஏற்பாள்.