பிறவாத நோயாளியின் உரிமை

நோயாளியின் ஒப்புதலின்றி அவர் உடலில் ஊசி ஏற்றலாகாது என்பது மருத்துவ அறம். ஆனால், இன்னும் பிறவாத நோயாளியிடம் எவர் ஒப்புதல் பெறுவது? கருவிலுள்ள குழந்தையின் தைராய்டுச் சுரப்பியை ஆராயும் மருத்துவம் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது அச்சுரப்பியின் நீர். தொடக்க வாரங்களில் அதனைத் தாயே வழங்குகிறாள். ஏறத்தாழ 20ஆம் வாரத்தை ஒட்டிக் குழந்தையின் சுரப்பி தன் பங்கைப் பெருக்கிக்கொள்கிறது. கிரேவ்ஸ் நோயுற்ற தாயிடம் இவ்வொழுங்கு பிறழக்கூடும். அவள் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சைக் கடந்து சென்று குழந்தையின் சுரப்பியை அளவுமீறித் தூண்டலாம். அவளைக் காக்கும் மருந்தோ, அதே வழியே சென்று அதனை அடக்கிவிடலாம். இரண்டிலும் குழந்தைக்குக் கழலை தோன்றலாம். மிகையா, குறையா என்பதே சிக்கல்.

தாயின் குருதிச் சோதனையும் ஒலியலைப் படமும் பெரும்பாலும் வழிகாட்டும். நெஞ்சத் துடிப்பு நிமிடத்திற்கு 160ஐத் தாண்டி நிலைப்பின் மிகையென ஐயுறலாம். ஐயம் தீராதபோது, கொப்பூழ்க்கொடியில் ஊசி செலுத்திக் குழந்தையின் குருதியை எடுப்பர். ஒலியலைப் படத்தின் துணையோடு இதனைச் செய்யும் முறையை 1983இல் பிரான்சின் டஃபோஸ் குழுவினர் வெளியிட்டனர். ஆயினும், குருதிக் கசிவும், அரிதாகக் குழந்தையின் இறப்பும் இதனால் நேரலாம்.

எதையும் அறிந்தே தீரவேண்டும் என்பார் ஒருசாரார். இயற்கையின் போக்கில் விட்டுவிடுக என்பார் மறுசாரார். இரண்டும் முழுமையான அறமாகா. மிகையெனில் தாய்வழி மருந்து செலுத்தியே குழந்தையைக் காக்கலாம். குறையெனில் தாயின் மருந்தளவைக் குறைக்கலாம், வேண்டுமாயின் பனிக்குட நீரில் தைராக்சினைச் செலுத்தலாம். தீர்வு கைவசம் இருக்கையில் அறியாமையைக் கருணையெனக் கொள்ளுதல் தகுமோ? ஆனால், விடை எதுவாயினும் சிகிச்சை மாறாதெனில், அங்கே ஊசி ஏற்றுவது வெறும் ஆர்வமேயன்றி மருத்துவமன்று. நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதிச் செயற்படுக என்ற வள்ளுவர் நெறி இங்கும் பொருந்தும்.

இனி, ஒப்புதல் யாருடையது? ஊசி தாயின் உடலைக் கடந்தே குழந்தையை அடைகிறது. ஆதலின் இறுதிச் சொல் அவளுடையதே. கணவனோ மாமியாரோ அறிவுரை கூறலாம், ஆணையிடலாகாது. இடரையும் பயனையும் மறைக்காமல் அவளுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைப்பது மருத்துவரின் கடன். பேசவியலாத உயிருக்காக எடுக்கப்படும் முடிவு, பேச வல்லவர்களின் வாய்மையிலேயே நிற்கிறது.