செப்டம்பர் 14-இல் பிறந்தவன்

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பிறந்த தேதி பலன் சொன்ன ஒரு நாள் உண்டு: 1969 டிசம்பர் 1. வாஷிங்டனில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் 366 நீலநிற பிளாஸ்டிக் டப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944 முதல் 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த அமெரிக்க இளைஞனுக்குத்தான் வியட்நாம் போர்க்காலக் கட்டாய ராணுவ சேவைக்கு முதல் அழைப்பு. டப்பிகளைச் சரியாகக் கலக்கவில்லை, ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் சிக்கினார்கள் என்று புள்ளியியலாளர்கள் பிறகு காட்டினார்கள். விதிக்கும் குலுக்கத் தெரியவில்லை.

அந்தக் குலுக்கலுக்குப் பதினோரு நாள் முன்னால் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்று வியட்நாமின் மை லாய் கிராமப் படுகொலைப் படங்களை வெளியிட்டிருந்தது. பெண்களும் கைக்குழந்தைகளும் ஒரு மண்பாதையில் குவிந்து கிடந்தார்கள். 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் கொன்றவர்கள் வியட்நாமியர் கணக்கில் 504 பேர். நாடு திடுக்கிட்டது உண்மை. ஆனால் கல்லூரிகள் நடந்தன, தேர்வுகளும் நடந்தன.

1970 மே 4, அதே ஓஹையோ. கம்போடியாவுக்குள் படை அனுப்பியதாக அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவித்து நான்கு நாள்கூட முழுசாக ஆகவில்லை. அதை எதிர்த்து மாணவர்கள் போராடிய கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை 13 நொடியில் 67 முறை சுட்டது. செத்தது நான்கு மாணவர்கள்; இருவர் போராட வந்தவர்களே அல்ல, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஸ்தம்பித்தன.

போர் எதிர்ப்பு முன்பே இருந்ததே என்பீர்கள். இருந்தது. 1969 நவம்பரில் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். என் கேள்வி அதுவல்ல. 504 பிணங்கள் மூட வைக்காத கல்லூரிக் கதவை நான்கு பிணங்கள் எப்படி மூடின? அந்த நால்வரின் முகம் நம் வீட்டுப் பிள்ளை முகம். நியாயம் தூரத்தை அளந்துதான் கோபப்படுமென்றால் அதற்குப் பெயர் நியாயமா, பயமா?

பக்கத்திலிருந்தால் மட்டும் போதுமா? கென்ட் ஸ்டேட்டுக்குப் பதினோரு நாள் கழித்து (எண் ஜோதிடர்கள் குறித்துக்கொள்ளலாம்) மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். இருவரும் கறுப்பர்கள். கென்ட் ஸ்டேட்டுக்கு எழுந்த கொந்தளிப்பில் கால்வாசிகூட அவர்களுக்கு எழவில்லை.

1973 ஜனவரியில் கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பது நின்றது. கம்போடியா மீது குண்டு விழுவது ஆகஸ்ட் 15 வரை நிற்கவில்லை.