மதிப்பெண்ணும் வாய்மையும்

மதிப்பெண் என்பது ஒரு மாணவரைப் பற்றி ஆசிரியர் உலகுக்குக் கூறும் சொல். சொல்லெனின் அது மெய்யாதல் வேண்டும். நம் பள்ளித் தேர்வுகள் மெய்யைத்தான் கூறுகின்றனவா என்பது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும்.

ஆசிரியர் பயிற்சியில் தேர்வுகளை வகைப்படுத்திக் கற்பிப்பர். கற்றது எவ்வளவு என அளப்பது அடைவுத் தேர்வு. மாணவர் எங்கே இடறுகிறார் எனக் கண்டறிவது குறையறி தேர்வு. அதைத் தொடர வேண்டுவது குறைதீர் கற்பித்தல். ஆயின் பள்ளியில் கால்கொண்ட பின், முதல்வகைத் தேர்வே ஆண்டு முழுவதையும் விழுங்கிவிடக் காண்கிறோம்.

எளிய கணக்கொன்றைக் காண்போம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். ஒரு குழந்தை 35 என எழுதுகிறது. கடன் வாங்கத் தெரியாமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. மற்றொன்று 79 என எழுதுகிறது. குறியைக் கவனியாது கூட்டிவிட்டது. வேறொன்று 24 என எழுதுகிறது. முறை சரியே, எண்ணுகையில் ஒன்று பிசகியது. மூவருக்கும் கிடைப்பது சுழியம். முதற்குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் வேண்டும். இரண்டாவதற்கு நிதானம் வேண்டும். மூன்றாவதற்குச் சிறிது பயிற்சி போதும். இவ்வேறுபாட்டைச் சுழியம் மறைத்துவிடுகிறது. 25 என்னும் விடையை மனப்பாடம் செய்த நான்காம் குழந்தையோ முழு மதிப்பெண் பெறுகிறது!

இவ்வாறு மறைந்த குறை பத்தாம் வகுப்புவரை உடன் வருகிறது. அங்கே தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுமாறு ஆசிரியரை நெருக்குகின்றனர். அவரும் மெல்லக் கற்போர் எனப் பெயரிட்ட பிள்ளைகளிடம் சில வினாக்களை மட்டும் தந்து, மீண்டும் மீண்டும் எழுத வைக்கிறார். கல்லாததைக் கற்றதாகக் காட்டுவது வாய்மைக்கு இழுக்கு. கைவிட்டாலோ அப்பிள்ளையின் மேற்படிப்பு அடைபடும். அது அருளுக்கு இழுக்கு. மனச்சான்றுள்ள ஆசிரியரை வருத்துவது இந்த இருதலைக் கொள்ளியே.

பொதுத் தேர்வே வேண்டா என்பது என் கருத்தன்று. கூலித் தொழிலாளியின் மகளும் செல்வர் மகனும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுத, பெயரறியா ஒருவர் திருத்துகிறார். அதை நீக்கினால் பரிந்துரையே கோலோச்சும்.

அங்ஙனமாயின் பொதுத் தேர்வைச் சிறு வகுப்புகளுக்கும் கொணரலாமே எனலாம். 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று தமிழக அரசு 2019-இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது நன்றே. ஆண்டிறுதித் தேர்வு தீர்ப்பு வழங்குமேயன்றி, குச்சிக் கட்டைக் கையில் எடுத்துத் தாராது. குழந்தை இடறிய வாரத்திலேயே கண்டு திருத்தினால், வாய்மையும் அருளும் ஒன்றாகவே நிற்கும். காலம் கடந்தால்தான் அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றன.

இப்பணியில் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் பங்குண்டு. விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது கூட்டுத்தொகையைப் பின்னர் பார்ப்போம். தவறிய விடையைக் காட்டி, “இது எப்படி வந்தது, சொல் கண்ணே” என்று கேட்போம். அச்சமின்றிக் குழந்தை சொல்லும் விடையில், மதிப்பெண் காட்டாத உண்மை விளங்கும்.