பாறைக்குப் பின்னால்

கொளத்தூரில் ஒரு மீன்கடை. தொட்டியில் வளர்க்க, கடல் சாமந்தி என்ற உயிரினத்தை வாங்கப் போன நான், வெள்ளைவெளேரென்று இருந்த ஒன்றின் முன்னால்தான் நின்றேன். பக்கத்துத் தொட்டியில் இருந்தது சேற்றுப் பழுப்பு. அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வெள்ளையை வாங்கி வந்தேன். மூன்றே வாரத்தில் கரைந்து, வீடே நாறியது.

வெள்ளை அதன் நிறமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சாமந்தியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் உணவு தயாரித்து, இடம் கொடுத்த உடம்புக்கும் அது பங்கு தருகிறது. அந்தப் பாசியின் நிறம்தான் பழுப்பு. சூடோ பயணமோ தாளாமல் பாசி வெளியேறிவிட்டால் வெறும் சதைதான் மிஞ்சும். அழகென்று நினைத்து நான் வாங்கி வந்தது ஒரு பட்டினியை.

இப்போதெல்லாம் முதலில் வாயைத்தான் பார்ப்பேன். நடுவில் இருக்கும் வாய் இறுக மூடியிருக்க வேண்டும், பிளந்து கிடந்தால் வேண்டாம். அடுத்தது பாதம். பாறையிலிருந்து பிய்க்கிற அவசரத்தில் அது கிழிந்திருந்தால், வீட்டுக்கு வந்து பிழைப்பது கடினம்.

இரண்டாவதை வாங்க ஒரு வருடம் காத்திருந்தேன். புதுத் தொட்டியின் தண்ணீருக்கு நாளுக்கொரு குணம். சென்னை வெயிலில் அதை 26 டிகிரியில் நிறுத்த ஒரு சில்லர், கரன்ட் போனால் ஓட ஒரு இன்வெர்ட்டர். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றி, உப்பை ஆயிரத்துக்கு 35 பங்கில் நிறுத்த வேண்டும்.

சோபாவில் உட்கார்ந்தால் தெரிகிற மாதிரி, பாறை உச்சியில் அதை வைத்தேன். காலையில் காணோம். நெஞ்சு பதறிவிட்டது. தண்ணீரை அலைக்கும் வேவ்மேக்கருக்குள் இழுபட்டால் கூழாகிவிடும், மீன்களும் தப்பாது. டார்ச் அடித்துத் தேடினேன். சுவர்ப்பக்கத்து இடுக்கில் பாதத்தைச் செருகிக்கொண்டு, உணர்கொம்புகளின் நுனிகள் குமிழ் குமிழாக உப்ப, வசதியாக இருந்தது. இரண்டு முறை எடுத்து உச்சியில் வைத்தேன். இரண்டு முறையும் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிப் போய்விட்டது. மூன்றாம் முறை கை வைக்கவில்லை. இதில் குடியிருக்கட்டும் என்று வாங்கிய கோமாளி மீன் ஜோடியோ இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேவ்மேக்கர் மூலையில் குடித்தனம் நடத்துகிறது. அதுவும் அவர்கள் இஷ்டம்.

வளர்ப்பது என்றால் எதையாவது செய்துகொண்டே இருப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே என் வேலை முழுக்க, நேற்றிருந்த தண்ணீர் இன்றும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. விருந்தாளிகள் கேட்டால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை, அது பாறைக்குப் பின்னால் இருக்கிறது.

இதே வேலையைச் செய்தவர்கள் முன்பும் உண்டு. 1828இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையிலிருந்து ஜான் டியெல் என்ற இயற்கையியலாளர் ஒரு சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் விட்டார். மோட்டார் கிடையாது, வடிகட்டி கிடையாது. கடல்நீரை மாற்றிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். 1851இல் அவர் இறந்தார். சாமந்தி இருந்தது. அடுத்து அதை வைத்திருந்த பேராசிரியர் ஜான் ஃபிளெமிங் 1857இல் போய்ச் சேர்ந்தார். அப்போதும் அது இருந்தது. கை மாறி மாறி, கடைசியில் எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் வாழ்ந்து 1887இல்தான் இறந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கில் குட்டி போட்டிருந்தது. பெயர் ‘கிரானி’, நம் ஊரில் என்றால் பாட்டி. செய்தித்தாளில் இரங்கல் குறிப்புகூட வந்தது.

அந்த 59 வருடத்தில் சாடியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தலை நரைத்தது. தங்களுக்குப் பின்னும் ஒருவர் தண்ணீர் மாற்றுவார் என்று நம்பித்தான் ஒவ்வொருவரும் அதை விட்டுப் போயிருக்க வேண்டும்.

என் மகளுக்குப் பதினொரு வயது. போன வாரம் உப்புமானியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை மெல்ல அழுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“முப்பத்தஞ்சுப்பா” என்றாள்.