திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு

எளிமை வேறு, ஏழ்மை வேறு. எளிமை நாம் விரும்பி ஏற்பது. ஏழ்மையோ நம்மைக் கேளாமலே நம்மீது வந்து விழுவது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குறைந்த செலவில் கோடைக்காலத்தில் ஐரோப்பாவைச் சுற்றிவரும் பயணிக்கு இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காணும் வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆண்டுதோறும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, முதுகில் ஒரு பையுடன் இளைஞர் பலர் அக்கண்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றனர். 1972இல் அறிமுகமான 'இன்டர்ரெயில்' சீட்டு ஒன்றைக் கொண்டே பல நாடுகளின் இரயில்களில் ஏறலாம். 1995இல் ஷெங்கன் உடன்பாடு நடைமுறைக்கு வந்தபின், பல எல்லைகளில் கடவுச்சீட்டை எடுத்து நீட்டும் தேவையும் குறைந்தது. இரவில் இளைஞர் விடுதியின் அடுக்குக் கட்டில்; பகலில் பூங்கா இருக்கையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்; தாகத்திற்கு, உரோமை வீதிகளில் 1874 முதல் ஓயாது ஒழுகும் இரும்புக் குழாய்களின் குளிர்ந்த நீர். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்காத வானத்திற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை.

ஆயினும், பணம் குறைந்தவன் ஒன்றை விரைவில் கண்டுகொள்கிறான். அந்நகரங்களில் நடப்பதற்குக் காசு வேண்டாம், உட்காருவதற்கு வேண்டும். காப்பிக் கடையின் நாற்காலிக்கு விலை உண்டு. பல இரயில் நிலையங்களில் கழிப்பறைக்கும் கட்டணம் உண்டு. எதையும் வாங்காமல், 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஆளாகாமல், வெயிலுக்கு ஒதுங்கி அமரத்தக்க இடம் பெரும்பாலும் கோவிலே. தீவிபத்துக்குப்பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட பாரிஸின் நோத்ர்தாம் பேராலயமும், உரோமையின் புனித பேதுரு பேராலயமும் எவரிடமும் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயமும் பார்சலோனாவின் திருக்குடும்ப ஆலயமும் பார்வையாளரிடம் கட்டணம் பெறுகின்றன. பழங்கற்களைப் பேணுவதற்குப் பொருள் வேண்டும் என்பது உண்மையே. ஆனாலும் கதவருகே சீட்டு விற்கும் மேசை வந்தமர்ந்ததும், உள்ளே வருபவன் விருந்தினன் என்ற நிலையிலிருந்து வாடிக்கையாளனாக மாறிவிடுகிறானே!

வெனிஸ் நகரம் 2024இல் குறிப்பிட்ட நாள்களில் ஒருநாள் பார்வையாளரிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது. விடுதியில் தங்குவோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் தங்கும் வரியை ஏற்கெனவே செலுத்துகின்றனர். கூட்டத்தால் திணறும் நகரத்தாரின் துன்பம் பொய்யன்று. எனினும், அங்கே ஓர் இரவு தங்க வசதியற்றவன்தான் புதிய வாயிலில் நிறுத்தப்படுகிறான் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

'ஹோஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல் விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் ஒருங்கே குறிக்கும். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் ஆகிய மூன்றும் அவ்வேரிலிருந்து முளைத்தவையே. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கப் பணிக்கிறது. அதோடு நில்லாமல், ஏழைகளுக்கும் திருப்பயணிகளுக்கும் தனிக்கவனம் தரவேண்டும் என்கிறது. செல்வரின் தோற்றமே மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்பதை அப்புனிதர் நன்கறிந்திருந்தார். ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில் புனித பெர்னார்டு 11ஆம் நூற்றாண்டில் நிறுவிய இல்லம் இன்றும் வழிப்போக்கரை வரவேற்கிறது. 1912இல் ஜெர்மன் ஆசிரியர் ரிச்சர்டு ஷிர்மன் அல்தேனா கோட்டையில் திறந்த முதல் இளைஞர் விடுதியையும் இம்மரபின் தூரத்து உறவு எனலாம்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. இரயில் நிலையத் தரையில் இருவர் படுத்திருக்கின்றனர். இருவரிடமும் ஒரு பை. இருவர் முகத்திலும் களைப்பு. ஒருவனை 'உலகம் சுற்றும் வாலிபன்' என்று புன்னகையுடன் கடக்கிறோம். மற்றவனைக் கண்டால் பையை இறுகப் பற்றிக்கொள்கிறோம். வேறுபாடு எதில் இருக்கிறது? முன்னவன் சட்டைப்பையில் ஊர் திரும்பும் சீட்டு இருக்கிறது. பின்னவனுக்குத் திரும்பிச் செல்ல ஊரே இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில், உரோமைக்கு வெளியே தம் முதல் பயணமாக லாம்பெதுசாத் தீவுக்குச் சென்று கடலில் மாண்ட குடிபெயர்ந்தோருக்காக மன்றாடியது இப்பின்னவனை முன்னிட்டே. பாரிஸின் வடக்கு இரயில் நிலையத்தருகே லா சப்பலில் மலிவான தமிழ்ச் சாப்பாடு தேடிச் செல்லும் நம் இளைஞர், 1983க்குப்பின் உயிர்தப்பி வந்த ஈழத்து உறவுகள் அங்கே வேரூன்றிய கதையையும் கேட்டறிய வேண்டும்.

ஒரு நாடு எல்லாருக்கும் கதவைத் திறக்க இயலுமா என்பது நியாயமான வினா. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2241) இதைத் தட்டிக்கழிக்கவில்லை. வளமான நாடுகள் தம்மால் இயன்ற அளவு அன்னியரை ஏற்கக் கடமைப்பட்டவை என்றும், அரசுகள் நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும், வந்தவர் அந்நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. அரசு எண்ணிக்கை பார்க்கட்டும். ஆனால் நம் கண்கள் ஆளைத் தரம்பிரித்துப் பார்க்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை.

1748இல் பிரான்சில் பிறந்த பெனடிக்ட் ஜோசப் லாப்ரைத் துறவு மடங்கள் ஏற்கவில்லை. அவர் கந்தலுடன் லொரேட்டோ, அசிசி, கொம்போஸ்தெலா எனத் திருத்தலங்களுக்கு நடந்தார். உரோமையில் கொலோசியத்தின் இடிபாடுகளில் உறங்கினார். 1783 புனித வாரத்தில் 35ஆம் வயதில் இறந்தார். 1881இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவரைப் படுக்கையருகே அண்டவிடாதவர்களும் பின்னர் அவர் கல்லறையை நாடியிருக்கக்கூடும். 2019இல் புனித பேதுரு சதுக்கத்தை ஒட்டிய மிலியோரி மாளிகை வீடற்றோரின் இல்லமாயிற்று. லாப்ர் இன்று வந்தால் அங்கே அவருக்கு ஒரு கட்டில் கிடைக்கும்.

சில வாரங்கள் மூடிய கதவுகளுக்கு முன் நின்றவன் ஊர் திரும்பியபின், நிழற்படங்களோடு அந்த நினைவையும் காக்க வேண்டும். எம்மாவு வழியில் இரு சீடர்கள் முன்பின் அறியாத ஒருவரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்தினர். அழைக்கப்பட்டு வந்தவரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார், விருந்தினர் விருந்தளிப்பவரானார். அன்று அவர்கள் 'பொழுது போய்விட்டது, போய் வாரும்' என்று சொல்லியிருந்தால், உயிர்த்த ஆண்டவரை அறியாமலே உறங்கப் போயிருப்பர்.